ஃப்ளோரன்ஸ் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிக்குக் கிளம்புகிற பலர் ரோமுக்கும் வெனிஸுக்கும் நடுவில் ஃப்ளோரன்ஸை ஒரு பகலில் முடித்துவிடத் திட்டம் போடுகிறார்கள். ஓவியம், சிற்பம் என்று அந்த ஊருக்கு ஒரு முகம் உண்டு. இன்று இத்தாலி முழுக்கப் பேசும் மொழிக்கு அடித்தளம் போட்ட ஊர் என்பது அதன் இன்னொரு முகம். முதலாவதைப் பார்க்க வரிசையில் நிற்கிறோம். இரண்டாவது தெருவிலேயே இலவசமாகக் கிடைத்தும் கவனிக்காமல் வந்துவிடுகிறோம். கீழே உள்ள பதில்களில் இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறேன்.

எத்தனை நாள் தேவை?

மூன்று நாள் இருந்தால் நிம்மதி. ஒரே நாள்தான் என்றால் உஃபிட்ஸி அருங்காட்சியகத்தை விட்டுவிடுங்கள் என்பேன். கேட்டால் பலர் அடிக்க வருவார்கள். ஆனால் அதற்குள் போனால் அரை நாள் போய்விடும், வெளியே வரும்போது காலும் தலையும் சேர்ந்து வலிக்கும். அந்த ஒரு நாளில் பேராலயத்தைச் சுற்றி நடந்து, சான் மார்கோ மடத்தைப் பார்த்து, சாந்தா க்ரோச்சே தேவாலயத்துக்குப் போய், மாலையில் ஆர்னோ ஆற்றங்கரையில் உட்காருங்கள்.

எப்படிப் போய்ச் சேர்வது?

ரோமிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். மிலானிலிருந்தும் வெனிஸிலிருந்தும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ரயில் பலகைகளில் ‘ஃப்ளோரன்ஸ்’ என்று தேடாதீர்கள், ஊரின் சொந்தப் பெயர் ‘ஃபிரென்ஸே’. இறங்க வேண்டிய நிலையம் சாந்தா மரியா நொவெல்லா. சில ரயில்கள் காம்போ தி மார்த்தே என்ற வேறொரு நிலையத்தில் மட்டும் நிற்கும், டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஊரின் விமான நிலையம் சிறியது. அங்கிருந்து டிராமில் 20 நிமிடத்தில் ஊருக்குள் வந்துவிடலாம். வட்டார ரயில்களுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நடைமேடை அருகே இருக்கும் இயந்திரத்தில் செருகி முத்திரை பதிக்க வேண்டும். மறந்தால் அபராதம்.

விசா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக்குப் போவதாக இருந்தால் நேர்காணல் தேதி கிடைப்பதுதான் பெரிய பாடு, அதனால் சீக்கிரம் தொடங்குங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர். “வெயில்தானே, நமக்குப் பழக்கம்” என்று ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் உண்டு. குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கும் ஊர் அது, காற்று வராது, கல் பாவிய தெரு கொதிக்கும். நம் வெயிலில் நாம் இப்படி நாள் முழுக்க நடப்பதில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் மழை. ஜனவரியில் குளிர்தான், ஆனால் ஓவியங்களின் முன்னால் தனியாக நிற்கலாம்.

டிக்கெட்டை எல்லாம் முன்பே எடுக்க வேண்டுமா?

மூன்றுக்கு மட்டும் எடுங்கள்: உஃபிட்ஸி, டேவிட் சிலை இருக்கும் அக்காதேமியா, பேராலயக் குவிமாடம். முதல் இரண்டும் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஒரு திங்கட்கிழமைக்கே ஊரைத் திட்டமிட்டுவிட்டு வாசலில் முழிக்கும் கூட்டத்தை எப்போதும் பார்க்கலாம். உஃபிட்ஸிக்குப் பருவ காலத்தில் 25 யூரோ அளவில் ஆகும், முன்பதிவுக் கட்டணம் தனி. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களுக்கு இலவசம் என்பது உண்மைதான். ஆனால் அன்றைய வரிசையைப் பார்த்தால் காசு கொடுத்தே போகலாம் என்று தோன்றும்.

குவிமாடத்தில் ஏறுவது சிரமமா?

463 படிகள், லிஃப்ட் கிடையாது. மூட்டுவலி, இதய நோய், நெருக்கமான இடங்களில் பதற்றம் ஆகியவை உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. மற்றவர்கள் கட்டாயம் ஏறுங்கள், காட்சிக்காக மட்டும் இல்லை.

பேராலயத்துக்கு 1296-இல் அஸ்திவாரம் போட்டார்கள். சுவர்கள் எழுந்தபின் உச்சியில் சுமார் 45 மீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு. அதை எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய வளைவைத் தாங்கும் மரச்சாரத்தைத் தரையிலிருந்து எழுப்பக் கட்டுப்படியாகாது. 1418-இல் போட்டி வைத்தார்கள். பொற்கொல்லராகப் பயிற்சி பெற்ற புருனெல்லெஸ்கி, அப்படிப்பட்ட சாரமே இல்லாமல் கட்டிக் காட்டுகிறேன் என்றார். 1420-இல் தொடங்கி 1436-இல் முடித்தார்.

அவர் கட்டியது ஒரு மாடம் அல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. நீங்கள் ஏறும் படிக்கட்டு அந்த இரண்டு ஓடுகளுக்கும் இடையில்தான் போகிறது. ஏறும்போது கையைச் சுவரில் வைத்துச் செங்கற்களைப் பாருங்கள். படுக்கையாக அடுக்கிய வரிசைகளுக்கு இடையே செங்குத்தாக நிற்கும் செங்கற்கள் சுழன்று மேலே போகும். சுண்ணச்சாந்து காய்வதற்குள் வரிசை சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அந்தச் செங்குத்துக் கற்கள்தான். மேலே போகப் போகச் சுவர் உங்கள் தலைப்பக்கம் சாயத் தொடங்கும், அப்போதுதான் அந்த மனிதரின் துணிச்சல் உறைக்கும்.

மேலே நின்றால் ஊர் முழுக்கத் தெரியும், குவிமாடம் மட்டும் தெரியாது. அதையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் ஜொத்தோவின் மணிக்கோபுரத்தில் ஏறுங்கள், அது 414 படிகள். இரண்டையும் ஒரே நாளில் ஏறுவது வீம்பு.

பேராலயத்துக்குள் போக மட்டும் கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

டேவிட் சிலை சதுக்கத்திலேயே இருக்கிறதே, உள்ளே எதற்குப் போக வேண்டும்?

ஊர் நடுவே சின்யோரியா சதுக்கத்தில் இருப்பது 1910-இல் வைத்த நகல். மைக்கலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய அசல் அங்கேதான் மழையிலும் வெயிலிலும் நின்றது. 1873-இல் அக்காதேமியாவுக்குக் கொண்டுபோனார்கள். உயரம் 5 மீட்டருக்கு மேல். அவருக்கு முன் வேறு சிற்பிகள் தொட்டுப் பார்த்துக் கைவிட்ட ஒற்றைப் பளிங்குப் பாளம் அது, பல ஆண்டுகள் வெளியே கிடந்தது. அசலுக்கு எதிரில் நின்றால் வலது கையின் புறங்கை நரம்புகளைப் பாருங்கள். நகலில் அந்த உயிர் இல்லை.

என்னைக் கேட்டால் அந்தக் கூடத்தில் டேவிட்டைவிட அவரை நோக்கிப் போகும் வழியில் இரண்டு பக்கமும் நிற்கும் ‘கைதிகள்’ சிலைகள்தான் அதிகம் பேசுகின்றன. பாதியில் நிறுத்தியவை. கல்லுக்குள்ளிருந்து ஒரு தோளும் ஒரு முழங்காலும் மட்டும் வெளியே வந்திருக்கும். உளியின் பற்கள் பதிந்த கோடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

உஃபிட்ஸியில் எதை விடக்கூடாது?

மெடிச்சி குடும்பத்து ஆட்சியாளர் முதலாம் கோசிமோ 1560-இல் அரசு அலுவலகங்களுக்காகக் கட்டத் தொடங்கிய கட்டடம் அது, பெயரும் அதையே சொல்கிறது. போத்திச்செல்லியின் ‘வீனஸின் பிறப்பு’, ‘வசந்தம்’ இரண்டும் அங்கே இருக்கின்றன. கூட்டமும் அங்கேயே இருக்கும். முதலது துணியில் வரைந்தது, இரண்டாவது மரப்பலகையில். பலகையில் காலடியில் பூத்திருக்கும் செடிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், முகங்களைப் பார்க்க எல்லோரும் முண்டியடிப்பார்கள். அப்புறம் லியனார்டோ இளமையில் வரைந்த ‘மங்கள வார்த்தை’, மைக்கலாஞ்சலோவின் வட்ட ஓவியம், ஆர்த்தெமிசியா ஜெந்திலெஸ்கியின் யூதித். இந்த அளவு போதும்.

இத்தனை பொருளும் ஏன் இன்னும் அதே ஊரில் இருக்கின்றன என்ற கேள்விக்குப் பதில் ஒரு பெண்மணி. மெடிச்சி குடும்பத்தின் கடைசி வாரிசான ஆன்னா மரியா லுயீஸா 1737-இல் ஓர் ஒப்பந்தம் செய்தார்: குடும்பச் சேகரிப்பு புதிய ஆட்சியாளர்களுக்குப் போகும், ஆனால் எதையும் ஊரைவிட்டு எடுத்துப் போகக் கூடாது. வாரிசு இல்லாமல் போன எத்தனையோ அரச குடும்பங்களின் சேகரிப்புகள் சிதறிப்போன ஐரோப்பாவில் இது பெரிய காரியம்.

கூட்டம் இல்லாத இடம் ஏதாவது?

சான் மார்கோ. ஃப்ரா ஆஞ்சலிகோ என்ற துறவி 1440-களை ஒட்டித் தன் சக துறவிகளின் அறைகளில் வரைந்த சுவரோவியங்கள். ஓர் அறைக்கு ஓர் ஓவியம், ஒரு சிறிய ஜன்னல், அவ்வளவுதான். மதியத்தோடு மூடிவிடுவார்கள், காலையில் போங்கள். சிற்பம் பிடிக்கும் என்றால் பார்ஜெல்லோ அருங்காட்சியகம். ஆற்றின் மறுகரையில் ப்ரான்காச்சி சிற்றாலயம், மசாச்சோ வரைந்த ஆதாமும் ஏவாளும் அங்கேதான் அழுதுகொண்டு வெளியேறுகிறார்கள்.

இத்தாலிய மொழி பிறந்த ஊர் என்கிறார்களே, அது சரியா?

பாதி சரி. இத்தாலி என்ற நாடே 1861-இல்தான் உருவானது. அதற்கு முன் வெனிஸில் ஒரு பேச்சு, நேப்பிள்ஸில் ஒரு பேச்சு, ஃப்ளோரன்ஸில் ஒரு பேச்சு. ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாத அளவுக்கு வேறுபாடு. எழுத்துக்கு லத்தீன். அந்தக் காலத்தில் ஃப்ளோரன்ஸ்காரரான கவிஞர் தாந்தே, நரகம், உத்தரிக்கும் தலம், சொர்க்கம் என்று மூவுலகம் சுற்றும் தன் ‘டிவைன் காமெடி’யைத் தன் ஊர்ப் பேச்சில் எழுதினார். அவருக்குப் பின் பெத்ரார்க்காவும் பொக்காச்சோவும் அதே மொழியில் எழுத, அதற்கு மதிப்பு வந்தது. 

இதை எல்லோருக்குமான எழுத்து மொழியாக வைக்க வேண்டும் என்று 1525-இல் வாதாடியவர் ஃப்ளோரன்ஸ்காரர் அல்லர், பியெத்ரோ பெம்போ என்ற வெனிஸ்காரர். முந்நூறு ஆண்டு கழித்து மிலான்காரரான மன்சோனி தன் நாவலை ஃப்ளோரன்ஸ் பேச்சுக்கு ஏற்பத் திருத்தி எழுதி 1840-களில் மறுபடி வெளியிட்டார். ‘துணியை ஆர்னோவில் அலசினேன்’ என்று அந்தத் திருத்தத்தை இத்தாலியர்கள் இன்றும் சொல்வார்கள். ஆக, படை எடுத்தோ சட்டம் போட்டோ இந்த ஊர்ப் பேச்சு நாட்டு மொழியாகவில்லை. மற்ற ஊர் எழுத்தாளர்கள் தேடி வந்து எடுத்துக்கொண்டார்கள்.

மொழிக்காகப் பார்க்க வேண்டிய இடங்கள் எவை?

முதலில் தெருச் சுவர்கள். பழைய ஊருக்குள் நடக்கும்போது தலைக்கு மேலே பளிங்குப் பலகைகளில் சில வரிகள் செதுக்கியிருக்கும். டிவைன் காமெடியில் அந்த இடமோ அங்கே வாழ்ந்த குடும்பமோ வரும் அடிகள் அவை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்தவை, 30-க்கும் மேல் இருக்கின்றன. பொந்தே வெக்கியோ பாலத்தருகே ஒன்று, பேராலயத்துக்குப் பக்கத்துத் தெருக்களில் பல. கடைகளைப் பார்த்துக்கொண்டு போகிறவர் கண்ணில் ஒன்றுகூடப் படாது.

‘தாந்தேயின் வீடு’ என்று காட்டுவது 20-ஆம் நூற்றாண்டில் கட்டிய கட்டடம். குழந்தைகள் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். அவருக்கு ஞானஸ்நானம் நடந்த எண்கோண ஆலயம் பேராலயத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. அதன் கிழக்கு வாசலில் மின்னும் கிபெர்த்தியின் பொற்கதவுகள் நகல்கள், அசல் பேராலய அருங்காட்சியகத்துக்குள்.

இன்னும் ஆர்வம் இருந்தால் ஊருக்கு வெளியே காஸ்தெல்லோவில் இருக்கும் மெடிச்சி மாளிகைக்குப் போங்கள். 1583-இல் தொடங்கிய க்ரூஸ்கா மொழிக் கழகத்தின் இருப்பிடம் அது. 1612-இல் அவர்கள் வெளியிட்ட அகராதி மற்ற ஐரோப்பிய மொழிக்காரர்களுக்கும் முன்மாதிரியானது. க்ரூஸ்கா என்றால் தவிடு. சொற்களைச் சலித்துத் தவிட்டை நீக்குவது தங்கள் வேலை என்று சல்லடை இயந்திரத்தையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் மாவு, ரொட்டி சம்பந்தப்பட்ட ஒரு புனைபெயர் சூடி, மாவு அள்ளும் மரத்துடுப்பில் அதற்கேற்ற படம் வரைந்து மாட்டினார்கள். அந்தத் துடுப்புகள் இன்னும் ஒரு கூடத்தின் சுவரில் தொங்குகின்றன. பெரிய பண்டிதர்களின் இந்த விளையாட்டுப் புத்தி எனக்குப் பிடித்திருக்கிறது. தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. கழகத்துக்குள் போக முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாந்தா க்ரோச்சேயில் தாந்தேயின் கல்லறை இருக்கிறதல்லவா?

இருக்கிறது, உள்ளே அவர் இல்லை. மைக்கலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி எல்லோரும் அந்த ஆலயத்தில் இருக்கிறார்கள். தாந்தேவுக்கு 1829-இல் வைத்தது வெறும் நினைவுச் சின்னம்.

அரசியல் சண்டையில் தோற்ற கட்சி என்பதால் 1302-இல் அவரை ஊரைவிட்டு விரட்டினார்கள், திரும்பி வந்தால் எரித்துக் கொல்வோம் என்றார்கள். அவர் திரும்பவே இல்லை. 1321-இல் ரவென்னாவில் இறந்தார். இரு நூற்றாண்டு கழித்து ஃப்ளோரன்ஸுக்கு மனம் மாறியது. 1519-இல் போப் பத்தாம் லியோவிடம் எலும்புகளைக் கேட்டு மனு போனது. கல்லறையைத் தானே செய்து தருவதாக அதில் மைக்கலாஞ்சலோவும் எழுதினார். போப்பும் மெடிச்சி குடும்பத்தவர், உடனே சம்மதித்தார். ரவென்னா போய்ப் பெட்டியைத் திறந்தால் காலி! அங்கிருந்த துறவிகள் பின்பக்கச் சுவரில் துளை போட்டு எலும்புகளை எடுத்து ஒளித்துவிட்டார்கள். 1865-இல் ஆலயப் பராமரிப்பு வேலையின்போதுதான் பெட்டி அகப்பட்டது. இன்றும் ரவென்னாவில் அவர் கல்லறையில் எரியும் விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் கொடுப்பது ஃப்ளோரன்ஸ் நகரம். ரவென்னாவுக்கு ரயிலில் ஒரே நாளில் போய்வரலாம்.

அதே ஆலயத்தில் சிமாபுவேயின் சிலுவை ஓவியத்தையும் பாருங்கள். 1966 நவம்பர் 4 வெள்ளத்தில் வண்ணத்தின் பெரும்பகுதி உரிந்துபோனது. இழந்ததை மறைக்காமலே சீரமைத்து வைத்திருக்கிறார்கள்.

இத்தாலியம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

சுற்றுலாப் பகுதியில் ஆங்கிலம் போதும். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் “புவோன்ஜோர்னோ” என்று சொல்லிப் பாருங்கள், கவனிப்பே மாறும். வணக்கம் சொல்லாமல் பொருளைத் தொடுவதை அவர்கள் ரசிப்பதில்லை. மாலையில் “புவோனசேரா”. நன்றிக்கு “க்ராட்ஸியே”, தயவுசெய்து என்பதற்கு “பெர் ஃபவோரே”, வழி விடச் சொல்ல “பெர்மெஸ்ஸோ”, பில் கேட்க “இல் கோந்தோ”.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. இத்தாலியத்தில் ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் வேறு வேறு. ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது, ‘நொன்னோ’ என்றால் தாத்தா. ஆங்கிலேயர்கள் இதில் தடுமாறுவார்கள். ‘பட்டு’, ‘படு’ என்று பழகிய நாக்குக்கு இது ஒரு விஷயமே இல்லை.

இன்னொன்று, அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசும்போது காது கொடுங்கள். உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் ககரத்தை ஹகரமாக்கிவிடுவார்கள். வீடு என்ற ‘லா காசா’ அவர்கள் வாயில் ‘லா ஹாசா’. மற்ற ஊர் இத்தாலியர்கள் இதை வைத்துக் கேலி பேசுவார்கள். ‘மகன்’ என்று எழுதி ‘மஹன்’ என்று சொல்லும் நாம் கேலி செய்ய வழியில்லை.

அங்கேயே மொழி படிக்க முடியுமா?

முடியும். வாரக்கணக்கில் சேரும்படியான தனியார் பள்ளிகள் ஏராளம். சேருமுன் ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். சான்றிதழ் வேண்டும் என்றால் அந்தப் பள்ளியின் சொந்தத் தாள் உதவாது. சியெனாவின் வெளிநாட்டினர் பல்கலைக்கழகம் நடத்தும் ‘சில்ஸ்’, பெருஜாவின் ‘செலி’, தாந்தே அலிகியேரி சங்கத்தின் ‘ப்ளிடா’ போன்றவைதான் மதிப்புள்ள தேர்வுகள். ஒரு யோசனை: பாதி நாள் வகுப்பு உள்ள பாடத்திட்டமாக எடுங்கள். மீதிப் பாதியில் சந்தைக்குப் போய்த் தக்காளி வாங்கினால்தான் மொழி ஒட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினியா?

இல்லவே இல்லை. மாட்டிறைச்சிக்குப் பேர்போன ஊர்தான், கிலோ கணக்கில் எடை போட்டுத் தரும் பிஸ்தெக்கா அவர்கள் பெருமை. தெருவண்டிகளில் விற்கும் லாம்ப்ரெதொத்தோ மாட்டின் நான்காம் இரைப்பை, தெரியாமல் கேட்டுவிடாதீர்கள். ஆனால் ஏழைகளின் சமையல் முழுக்கப் பருப்பும் ரொட்டியும் காய்கறியும். பழைய ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கருங்கோசு சேர்த்துக் கொதிக்கவைக்கும் ரிபொல்லித்தா, தக்காளியில் ரொட்டியைக் கரைத்த பாப்பா அல் போமொதோரோ, கோடையில் ரொட்டியும் தக்காளியும் கலந்த சாலடான பான்ஸனெல்லா. “சென்ஸா கார்னே” என்றால் இறைச்சி வேண்டாம் என்று அர்த்தம். அதோடு நிறுத்தாமல் சூப்பின் சாறு எதில் செய்தது என்றும் கேளுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பை நொதி சேரும், கண்டிப்பான சைவர்கள் அதையும் ஒதுக்க வேண்டும்.

ரொட்டியில் உப்பே இல்லையே, மறந்துவிட்டார்களா?

மறக்கவில்லை, அந்தப் பக்கத்து ரொட்டியே அப்படித்தான். குழம்பிலும் காய்ந்த இறைச்சியிலும் உப்பு தூக்கலாக இருக்கும், ஈடுகட்டிவிடும். சொர்க்கக் காண்டத்தின் 17-ஆம் பாடலில் தாந்தேயின் முன்னோர் அவர் நாடுகடத்தப்படப் போவதைச் சொல்லும் இடம் ஒன்று வருகிறது. பிறர் ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும் என்பதை நீ அறிவாய் என்கிறார். உப்பில்லாத ரொட்டியைத் தின்று வளர்ந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஊரில் ஒரு துண்டு கடித்தால் புரியும்.

பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று போடுகிறார்களே, ஏமாற்றா?

இல்லை. உட்கார்ந்து சாப்பிடுவதற்கான ஆள்வீதக் கட்டணம், விலைப்பட்டியலில் எழுதியிருப்பார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை. காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் இன்னொன்று, சதுக்கத்தைப் பார்த்து உட்கார்ந்தால் மூன்று மடங்குக்கும் தயாராக இருங்கள். விடுதியில் ஆளுக்கு, இரவுக்கு என்று நகர வரி தனியாக வாங்குவார்கள்.

முகவரியைத் தேடிப் போனால் வேறு கட்டடம் வருகிறதே?

ஃப்ளோரன்ஸில் ஒரே தெருவில் இரண்டு எண் வரிசைகள். வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீல எண், கடைகளுக்குச் சிவப்பு எண். 25 என்பதும் சிவப்பு 25 என்பதும் நூறு மீட்டர் தள்ளியிருக்கலாம். முகவரியில் எண்ணுக்குப் பின் ஆங்கில ஆர் எழுத்து இருந்தால் சிவப்பு.

கார் எடுத்துப் போகலாமா?

ஊருக்குள் வேண்டாம். பழைய நகரம் முழுக்கக் கட்டுப்படுத்தப்பட்ட வாகனப் பகுதி, கேமரா எண்ணைப் படித்துவிடும். அபராதக் கடிதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும், வாடகைக் கார் நிறுவனத்தின் சேவைக் கட்டணத்தோடு.

இந்தியாவோடு, தமிழோடு இந்த ஊருக்குத் தொடர்பு உண்டா?

சதுரகராதி தொகுத்த வீரமாமுனிவர் இத்தாலியர் என்பதால் இந்தக் கேள்வி வருகிறது. அவர் ஊர் வடக்கே மாந்துவா பக்கம், ஃப்ளோரன்ஸ் அல்ல.

ஆனால் கஷீனே பூங்காவின் மேற்குக் கோடிக்கு நடந்தால் கல்மண்டபத்தின் கீழ் தலைப்பாகையோடு ஓர் இந்திய இளைஞரின் வண்ணச் சிலை இருக்கிறது. கோலாப்பூர் அரசர் ராஜாராம். லண்டன் போய்த் திரும்பும் வழியில் 1870-இல் இங்கே இறந்தார், வயது இருபதை ஒட்டி. இந்து முறைப்படி இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் எரிக்க வேண்டும் என்று உடன் வந்தவர்கள் கேட்க, முஞ்ஞோனே ஆறு ஆர்னோவில் கலக்கும் அந்த மூலையில் நகர நிர்வாகம் அனுமதி தந்தது. பக்கத்தில் போகும் நெடுஞ்சாலைப் பாலத்துக்கே ‘இந்தியர் பாலம்’ என்று பெயர்.

பொந்தே வெக்கியோ பாலத்தில் தங்கம் வாங்கலாமா?

1345-இல் கட்டிய பாலம் அது. ஒரு காலத்தில் அதன்மேல் கசாப்புக் கடைகள் இருந்தன, நாற்றம் பொறுக்காமல் 1593-இல் அவற்றை விரட்டிப் பொற்கொல்லர்களை வைத்தார்கள். வேலைப்பாடு அழகுதான். ஆனால் அங்கே வழக்கம் 18 காரட், நகையில் 750 என்ற முத்திரை இருக்கும். 22 காரட் கணக்கோடு போனால் நிறமும் வெளிறித் தெரியும், பிற்காலத்தில் நம் ஊரில் மாற்றும்போது கையும் கடிக்கும். ஆசைக்கு ஒரு மோதிரம் என்றால் சரி. சேமிப்பு என்றால் வேண்டாம். தெருவில் விரித்து விற்கும் பிரபல நிறுவனப் பெயர் போட்ட போலிக் கைப்பைகளைத் தொடவே தொடாதீர்கள், அங்கே அபராதம் விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குகிறவருக்கும் உண்டு.